பள்ளி மணிக்கு முந்த வேண்டிய குழாய்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பெரும்பாலும் கரிசல் காடு. களித்தன்மை மிகுந்த இந்த மண் மழைநீரைச் சட்டென்று கீழே இறங்க விடாது. அதனால்தான் இங்கே ஊருணி வெட்டினால் தண்ணீர் நிற்கிறது. நிலத்தடி உப்பைக் கழுவிவிடும் அளவுக்கு நன்னீர் இறங்காததால் பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது. புழங்க உப்புத் தண்ணி கிடைத்துவிடும். நல்ல தண்ணிக்குத்தான் குடத்தோடு கிளம்ப வேண்டும்.

கிளம்புவது யார்? அம்மா வேலைக்குப் போயிருந்தால் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பதினெட்டு குடத்துக்கு மேல். குடிக்க, சமைக்க மட்டும் என்று சுருக்கினாலும் இரண்டு மூன்று குடம் வேண்டும். வரிசையில் நின்று, சுமந்து வந்து, தலை பின்னிப் பள்ளிக்கு ஓடும் பிள்ளை முதல் பாடத்தில் என்ன கேட்டிருக்கும்?

இந்த நேரக் கணக்கை ஆப்பிரிக்காவின் கானாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, தண்ணீர் எடுக்கும் நேரம் பாதியானால் பெண்பிள்ளைகளின் பள்ளி வருகை சராசரியாக 2.4 சதவீதப் புள்ளி கூடுகிறது; கிராமங்களில் இன்னும் அதிகம். இதற்குப் புதிய வகுப்பறை எதுவும் கட்ட வேண்டியதில்லை.

சரி, தூரத்தில் இருந்தாலும் சுத்தமான தண்ணீராக இருந்தால் போதாதா? போதாது. மேற்குக் கென்யாவில் ஊற்றுகளைச் சுற்றிக் காங்கிரீட் கட்டி, குழாய் வழியே நீர் விழும்படி செய்தார்கள். ஊற்றில் மலக்கிருமி மாசு 66 சதவீதம் குறைந்தது. அதே தண்ணீர் வீட்டுக்குப் போனபின் சோதித்தால் குறைவு வெறும் 24 சதவீதம். சுமந்து வரும் வழியிலும், மூடாத பாத்திரத்திலும், உள்ளே முக்கும் கையிலும் கிருமி திரும்ப ஏறிவிடுகிறது. அப்படியும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கால்பங்கு குறைந்தது என்பது பெரிய விஷயம்தான்.

நம் முன்னோர் ஊருணித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்தார்கள். கலங்கலைத் திரட்டிப் படியவைப்பதில் அது கெட்டி. ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் கிருமியற்ற தண்ணீர் ஆகிவிடாது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாக அருப்புக்கோட்டை வரை வருகிறது. அவ்வளவு தூரம் தாண்டி வரும் தண்ணீர், பள்ளிக்கூட நேரத்தில் தெருக்குழாயில் திறக்கப்பட்டால் பிள்ளைக்கு என்ன லாபம்? குழாய் போட்டதோடு வேலை முடிந்ததென்று நினைப்பது தவறு. ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணீர் திறக்கும் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வையுங்கள், அந்த நேரத்தை முந்தைய நாளே ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.