அட்டையை எந்தப் பக்கம் கிழிக்கிறீர்கள்?

உங்கள் வீட்டில் மருந்து டப்பா எங்கே இருக்கிறது? பிரிட்ஜ் கதவிலா, பீரோவின் மேல் தட்டிலா? எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பிஸ்கட் டின். இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் உங்களுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூக்குக்கண்ணாடியும். எல்லாம் பொடி எழுத்து!

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. மணி பதினொன்று. ஏழு வயசுப் பையனுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. டின்னைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரு துண்டு அட்டை கிடைத்தது. இரண்டே மாத்திரை. கத்தரித்துக் கத்தரித்து எடுத்தது போக மிச்சம். மருந்தின் பெயரில் பாதியைக் காணோம். தேதியைக் காணவே காணோம்.

"வெள்ளையா, ரவுண்டா இருக்கே... ஜுர மாத்திரைதான். பாதியா உடைச்சுக் கொடேன்" என்றார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பழசாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும்தான் அப்போது பயந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டு, அடிக்கடி குடிக்கக் கொடுத்து, விடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம்.

திரும்பும் வழியில் மருந்துக் கடையில் அந்தத் துண்டைக் காட்டினேன். கடைக்காரர் பின்பக்கத்து அரைகுறை எழுத்துக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கிளிபென்கிளமைடும்மா. வீட்ல யாருக்கு சர்க்கரை?" என்றார். தீபாவளிக்கு வந்துபோன என் மாமனாருக்கு! சர்க்கரை நோய் இல்லாத குழந்தைக்கு இந்த வகை மாத்திரை ஒன்றே போதும், ரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட. கடை வாசலிலேயே எனக்குக் கை கால் உதறிவிட்டது.

அன்றைக்குத்தான் ஒரு மாத்திரை அட்டையை முழுசாக உட்கார்ந்து படித்தேன்.

நீங்களும் ஓர் அட்டையை எடுங்கள். ஓரத்தில் பாருங்கள். சில அட்டைகளில் மை இல்லாமல் வெறுமனே அழுத்தியிருப்பார்கள். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பி.நம்பர் என்று இருப்பது பேட்ச் நம்பர். எம்.எஃப்.ஜி. என்பது தயாரித்த மாதம், வருஷம். இ.எக்ஸ்.பி. என்பது காலாவதியாகும் மாதம், வருஷம். இரண்டையும் மாற்றிப் படித்து, புத்தம்புது மருந்தைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு!

காலாவதி 08/2027 என்று இருந்தால், ஆகஸ்ட் 1-ம் தேதியே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்பது நம் நாட்டு மருந்து விதியிலேயே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவந்த விட்டமின் பாட்டில் என்றால் மட்டும் ஜாக்கிரதை. அங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 05/06/27 என்றால் ஜூன் 5 அல்ல, மே 6.

பேட்ச் நம்பர் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். ஒரே தடவையில் தயாரான மாத்திரைகள் அத்தனைக்கும் அதுதான் அடையாளம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரப் பரிசோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் மருந்தின் பெயரோடு பேட்ச் நம்பரும் இருக்கும். நம்பர் கிழிந்துபோன அட்டையை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? சில கம்பெனிகள் வருஷத்தையும் மாதத்தையும் இந்த நம்பருக்குள்ளேயே சங்கேதமாக வைப்பதுண்டு. ஆளுக்கொரு கணக்கு. அதை வைத்துத் தேதியை ஊகிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சரி, தேதி தாண்டிய மறுநாளே மருந்து விஷமாகிவிடுமா? பெரும்பாலும் இல்லை. அமெரிக்க ராணுவம் தன் கிடங்கில் தேங்கிய மருந்துகளை வீணாக்க மனசில்லாமல் 1986 முதல் பரிசோதித்து வந்தது. 2006-ல் வெளியான கணக்குப்படி, சோதித்த 122 மருந்துகளில், நூற்றுக்கு 88 பேட்ச்கள் தேதிக்குப் பிறகும் குறைந்தது ஒரு வருஷம் தாக்குப்பிடித்தன. 'அட, அப்படியா!' என்று சந்தோஷப்பட வேண்டாம். அவையெல்லாம் பிரிக்காத பெட்டியில், சூடும் ஈரமும் அண்டாமல் பாதுகாத்தவை. நம்முடையது அடுப்புக்கு மேல் அலமாரியில், சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருப்பது! ஈரம் பட்ட ஆஸ்பிரின் டப்பாவை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் மருந்து சிதைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வீரியம் குறைந்த தலைவலி மாத்திரையால் தலைவலி போகாது, அவ்வளவுதான். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை, இன்சுலின், ஆன்டிபயாடிக் இவற்றில் வீரியம் குறைந்தால் விளையாட்டல்ல. சில மருந்துகள் கெட்டும் போகும். பழசாகிச் சிதைந்த டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 1963-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. அதைக் கம்பெனி அச்சடிக்காது, நீங்கள்தான் எழுதவேண்டும். அட்டையிலும் பாட்டிலிலும் உள்ள காலாவதி, மூடி திறக்காத வரைக்கும்தான். கண் சொட்டு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். திறந்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதம்தான் ஆயுசு. பாட்டிலில் 2028 என்று இருக்கிறதே என்று ஆறு மாதம் கழித்து விட்டுக்கொண்டால், கிருமியையும் சேர்த்துச் சொட்டுகிறீர்கள். குழந்தைகளுக்குப் பொடியாக வந்து தண்ணீர் கலக்கிற ஆன்டிபயாடிக் சிரப், கலந்த நாளிலிருந்து பொதுவாக ஏழு நாள். மிச்சத்தை அடுத்த ஜுரத்துக்கு என்று பிரிட்ஜில் வைக்காதீர்கள். திறந்த இன்சுலின் குப்பி பெரும்பாலான வகைகளில் நாலு வாரம். வயிற்றுப்போக்குக்குக் கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், ஒரே நாள். லேபிளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி. திறந்த அன்றே பால்பாயின்ட் பேனாவால் லேபிள் மேல் தேதியைக் கிறுக்கிவிடுங்கள். இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாத்திரையைத் தேதி இல்லாத முனையிலிருந்து எடுங்கள். தேதி உள்ள முனை கடைசி மாத்திரை வரை இருக்கட்டும். கடையில் நாலு மாத்திரை வாங்கும்போது அட்டையை வெட்டித்தானே தருகிறார்கள்? தேதி உங்கள் துண்டில் வந்தால் சரி. வராவிட்டால் கூச்சப்படாமல், "கவர் மேல பேரும் தேதியும் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்! பில் கேட்டு வாங்கினால் பேட்ச் நம்பரும் காலாவதி மாதமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பில்லை மாத்திரையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடலாம்.

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்பனையாகும் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது க்யூ.ஆர். கட்டம் அச்சிட வேண்டும் என்று இந்திய அரசு விதித்திருக்கிறது. செல்போனைக் காட்டினால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், இரண்டு தேதிகள் எல்லாம் வரவேண்டும். உபயோகமான ஏற்பாடுதான். ஆனால் நாலு மாத்திரைத் துண்டில் அந்தக் கட்டமும் கடையிலேயே தங்கிவிடுகிறதே!

காலாவதியானதைத் தூக்கிப் போடும்போது அட்டையோடு போடாதீர்கள். பிரித்தெடுத்து, பழைய காபிப் பொடிச் சக்கையிலோ தேயிலைச் சக்கையிலோ பிசைந்து, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள். பெட்டியையும் லேபிளையும் கிழித்துவிடுங்கள். குழந்தையோ நாயோ எடுத்துத் தின்னாது, வேறு யாரும் பொறுக்கி விற்கவும் முடியாது.

அன்று எங்கள் டின்னிலிருந்து வெளியேறியவை: பெயர் தெரியாத துண்டுகள் ஒன்பது, கண் சொட்டு மருந்து இரண்டு, கட்டி தட்டிப்போன சிரப் ஒன்று. மாமனார் வந்தால் அவர் மாத்திரைகளுக்கு இப்போது தனி டப்பா. பையன் கைக்கு எட்டாத தட்டில். பிஸ்கட் டின்னுக்குள் புதிதாக ஒரு பேனாவும், பையனிடமிருந்து கெஞ்சி வாங்கிய பூதக்கண்ணாடியும் இருக்கின்றன.