பெருந்தமனிச் சுவரில் வெள்ளையணுக்களின் வேலை

வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியின் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்துவிட்டால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம். மருத்துவர்கள் பேச்சில் 'அனியூரிசம்'. பெரும்பாலும் சிறுநீரகத் தமனிகள் பிரிகிற இடத்துக்குக் கீழேதான் இது வருகிறது. புகைப்பழக்கம் உள்ள, 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கே ஆபத்து அதிகம். வலி இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். தெரியாமலே வளர்ந்து வெடித்துவிட்டால் பிழைப்பது அரிது.

வயதான குழாய் தளர்கிறது, ரத்த அழுத்தம் அதை விரிக்கிறது என்பது பழைய விளக்கம். அதில் பாதிதான் உண்மை. அறுவை சிகிச்சையில் எடுத்த தமனித் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், சுவர் முழுக்க வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கின்றன. தேய்மானம் மட்டும் என்றால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை.

பெருந்தமனிக்கு மீள்தன்மை தருவது எலாஸ்டின், உறுதி தருவது கொலாஜன். எலாஸ்டின் பெரும்பாலும் இளம் வயதிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. பின்னாளில் அழிந்தால் சரியாக ஈடுசெய்ய வழியில்லை. வயிற்றுப் பகுதித் தமனியில் அதன் அடுக்குகள் மார்புப் பகுதியைவிடக் குறைவு. வீக்கம் அங்கே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சுவரை அரிப்பதில் முதலிடம் மேக்ரோஃபேஜ்கள் என்ற வெள்ளையணுக்களுக்கு. ரத்தத்தில் மோனோசைட்டுகளாக வந்து சுவருக்குள் நுழையும் இவை, எலாஸ்டினைச் சிதைக்கும் எம்எம்பி-9 என்ற நொதியைச் சுரக்கின்றன. அதன் பங்கை 2002இல் வெளியான எலி ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. எம்எம்பி-9 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு வீக்கம் வரவில்லை. இயல்பான எலியின் மேக்ரோஃபேஜ்களை அவற்றுக்குச் செலுத்தியதும் வந்தது. எம்எம்பி-2 என்ற இன்னொரு நொதி இல்லாத எலிகளுக்கோ அப்படிச் செலுத்தியும் வரவில்லை. அந்த நொதி சுவரின் சொந்த செல்களிலிருந்து வர வேண்டும். ஆக, வந்தவர்களும் வீட்டுக்காரர்களும் கூட்டுச் சேர்ந்தால்தான் சேதம். உடைந்த எலாஸ்டின் துணுக்குகள் மேலும் மேக்ரோஃபேஜ்களை ஈர்ப்பதால் அழிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

மற்ற அணுக்களும் சும்மா இருப்பதில்லை. வீக்கத்தின் உட்புறம் படியும் ரத்த உறைவில் நியூட்ரோபில்கள் தங்கி, எலாஸ்டினைச் சிதைக்கும் எலாஸ்டேஸ் நொதியை வெளியிடுகின்றன. டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களால் மேக்ரோஃபேஜ்களை உசுப்புகின்றன. பி செல்கள் வெளியடுக்கில் திரள்கின்றன. மாஸ்ட் செல்களின் கைமேஸ் நொதி எம்எம்பி-9ஐச் செயலூட்டுகிறது. இதற்கிடையே சுவரைப் பராமரிக்க வேண்டிய மென்தசை செல்களும் மடிகின்றன. எதிர்த்திசையில் இழுப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள்; அவை அழற்சியைத் தணிக்கின்றன.

அப்படியானால் அழற்சியை மருந்தால் அடக்கினால் போதுமே? எலிகளில் போதுமானதாக இருந்தது. மனிதர்களில் இல்லை. எம்எம்பி நொதிகளைத் தடுக்கும் டாக்சிசைக்ளினை இரண்டாண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை, வீக்கத்தின் வளர்ச்சி குறையவில்லை என்று 2020இல் அறிவித்தது. அதற்கு முந்தைய நெதர்லாந்துச் சோதனையில் வளர்ச்சி சற்றுக் கூடியே இருந்தது. மாஸ்ட் செல்களைக் கட்டுப்படுத்தும் பெமிரோலாஸ்டும் கைகொடுக்கவில்லை. எலிக்குச் சில வாரங்களில் உருவாக்கப்படும் வீக்கமும் மனிதருக்குப் பல ஆண்டுகளாக வளர்ந்த வீக்கமும் ஒன்றல்ல என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. மேலும், மேக்ரோஃபேஜ்களில் ஒரு பகுதி குப்பையை அகற்றி, வடுத்திசு வளரவும் உதவுகிறது. எல்லாவற்றையும் ஒருசேர அடக்கினால் அந்தப் பழுதுபார்ப்பும் நிற்கக்கூடும்.

அழற்சியை வேண்டுமென்றே தூண்டிய சிகிச்சையும் ஒரு காலத்தில் இருந்தது. 1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வீங்கிய தமனியை அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் செல்லோஃபேன் தாளால் போர்த்தினார். அந்நியப் பொருளைக் கண்டு உடல் வளர்க்கும் வடுத்திசு சுவரை இறுக்கும் என்பது கணக்கு. ஐன்ஸ்டைன் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அதே வீக்கம் வெடித்து, மறு அறுவை சிகிச்சையை மறுத்து, இறந்தார்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் குறைவாக வருகிறது என்பது ஆய்வாளர்களை வியக்கவைக்கும் செய்தி. அவர்கள் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் அழற்சியைத் தணிப்பதும் ஒரு காரணமா என்ற ஐயத்தால் அம்மருந்து சோதிக்கப்படுகிறது. வளர்ச்சியை நிறுத்துவதாக உறுதியான மருந்து எதுவும் இன்னும் இல்லாததால், புகையை விடுவதும் அல்ட்ராசவுண்டில் அளந்து கண்காணிப்பதுமே நடைமுறை. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. எட்டினால் செயற்கைக் குழாயோ ஸ்டென்ட் கிராஃப்டோ பொருத்துவது பற்றி முடிவெடுக்கிறார்கள்.