சிக்னல் மெதுவாக மினுங்கினால்

வீதியில் வலப்பக்கம் திரும்பப் போகிறோம் என்பதைப் பின்னால் வரும் லொறிக்கும் எதிரே வரும் பஸ்ஸுக்கும் அறிவிப்பது சிக்னல் லைற். அது நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மினுங்க வேண்டும். இதிலும் குறைந்தால் ஆபத்து. ஆனால், உடனே புதுப் பிளாஷர் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பழைய கார்களின் பிளாஷருக்குள் மின்சாரத்தால் சூடேறி வேலைசெய்யும் உலோகத் தகடு ஒன்று உண்டு. மின்சாரம் குறைந்தால் அது சூடேறத் தாமதமாகும், மினுங்கலும் மந்தமாகும். ஆகவே மின்சாரம் எங்கே குறைகிறது என்று தேடுங்கள்.

முதலில் எஞ்சினை ஸ்ராட் செய்து பாருங்கள். மினுங்கல் சீரானால் குறை பற்றறியில். அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி, வயர்களை இறுக்குங்கள். பற்றறியில் சார்ஜ் உண்டா என்றும் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மெதுவென்றால், அந்தப் பக்கத்து பல்புகளைக் கவனியுங்கள். ஒன்று எரிந்து போயிருக்கலாம். அல்லது வாற்ஸ் குறைந்த பல்ப் போட்டிருக்கலாம். 12 வோல்ற் கார்களுக்குப் பெரும்பாலும் 21 வாற்ஸ் பல்பே பொருந்தும்.

இடம்பெயர்ந்த காலத்தில் வளவில் வருடக்கணக்காக மழையில் நின்ற கார்களில் துருவையும் சந்தேகியுங்கள். பல்ப் ஹோல்டரிலிருந்து பற்றறியின் ஏர்த் முனைக்கு ஒரு வயரைத் தொடுத்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால், ஏர்த் பிடிக்கும் இடத்தை அரத்தாளால் தேய்த்துத் துப்புரவாக்குங்கள்.

இவ்வளவும் செய்தும் இரு பக்கமும் மந்தமென்றால் மட்டும் பிளாஷரை மாற்றுங்கள். திருத்தும்வரை கையால் சைகை காட்டுங்கள். இருட்டில் கை தெரியாது, பொழுதுபட முன் வீடு சேருங்கள்.