மணலில் பிறந்த 'சென்னை முறை'

சென்னை செயின்ட் ஜார்ஜ் பள்ளிக்கு வயது 300-க்கு மேல். 1715-ல் கோட்டையிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயப் பாதிரியார் வில்லியம் ஸ்டீவன்சன், ஏழைச் சிறுவர் சிறுமியர் இருபாலாருக்கும் தொடங்கிய தர்மப் பள்ளியே அதன் மூலம்.

பின்னாளில் அதனுடன் இணைந்த எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789-ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு, அதை விடுதியில் புகுத்தினார். ஆசிரியர் தயங்கவே, 8 வயதுச் சிறுவனையே இளையோருக்கு ஆசானாக்கினார். நம் சட்டாம்பிள்ளை வழக்கந்தான்! 1797-ல் லண்டனில் அவர் நூலாக்கிய இது, 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தது.

விஜயதசமியன்று கொச்சியில் குழந்தையின் விரல்பிடித்து அரிசியில் எழுத வைக்கும் மட்டாஞ்சேரித் தமிழர்கள் இதை நினைவில் கொள்ளலாம். படிப்புக்கு முதல் தேவை பணமல்ல, விரலைப் பிடிக்க ஒரு கை.