சுளுக்குன்னு நீவாதீங்க... உள்ளே சீழ் இருக்கலாம்!

கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த பையன், ''அம்மா, தொடை வலிக்குது'' என்கிறான். ''எங்கேயாவது இடிச்சிருப்பே'' என்று தைலம் தேய்க்கிறீர்கள். நாலைந்து நாளில் லேசாகக் காய்ச்சல். அது வேறு, இது வேறு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்!

தசைக்குள் ஆழமாகச் சீழ் கட்டுவதற்கு 'பயோமயோசைட்டிஸ்' என்று பெயர். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில்தான் இது அதிகம். பெரும்பாலும் 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்கிற பாக்டீரியாதான் காரணம். ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 10 பேரில் 3 பேரின் மூக்கில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி இது. ரத்தத்தில் கலந்து, அடிபட்ட தசையில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எப்படித் தெரியும்?

வேனல் கட்டி மாதிரி மேலே சிவந்து பழுக்காது. அதனால்தான் ஏமாந்து போகிறோம். முதலில் தசை கட்டை மாதிரி இறுகும். பத்து நாள் தாண்டினால் சீழ் கோத்து, கடும் காய்ச்சல் அடிக்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் கிருமி ரத்தம் வழியே பரவி உயிருக்கே உலை வைக்கும்.

தொடை, பிட்டம் மட்டுமல்ல... முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் 'சோவாஸ்' தசையிலும் சீழ் கட்டலாம். காலை நீட்ட முடியாமல் மடக்கியே படுத்திருப்பார்கள். 'அப்பெண்டிக்ஸோ' என்று சந்தேகம் வரும். முதுகெலும்பு காசநோயாலும் இந்த இடத்தில் சீழ் இறங்குவதுண்டு. அதற்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து தேவை.

என்ன சிகிச்சை?

ரத்தப் பரிசோதனையோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். ஆரம்ப நிலையில் அதில் பிடிபடாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டிவிடும். சீழ் கட்டுவதற்கு முன்பே வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கட்டிய பிறகு, ஊசி அல்லது குழாய் மூலமோ, கீறியோ சீழை வெளியேற்றியே ஆக வேண்டும். எடுத்த சீழைக் 'கல்ச்சர்' செய்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்ப்பார்கள். மருந்து பெரும்பாலும் 3, 4 வாரம் தொடரும். ''வலி போயிடுச்சே'' என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

மறக்காதீர்கள்!

* காய்ச்சலோடு ஒரே இடத்தில் தசைவலி என்றால் நீவுவது, சுளுக்கு வழிப்பது கூடாது.
* கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். நோய் அடங்கியது போல் ஏமாற்றும்.
* சமீபத்தில் அடிபட்டதா, அந்த இடத்தில் ஊசி போட்டீர்களா, சர்க்கரை உண்டா என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சீக்கிரம் போனால் மாத்திரை, மருந்தோடு முடியலாம். தாமதித்தால் கத்திதான்!