கொழுகொழு குழந்தைகள்: தராசு சொல்லாத செய்தி

இளைத்துவிடுமோ என்ற பயத்தில் ஊட்டி ஊட்டி வளர்த்த நாடு, இப்போது குழந்தைகளின் பருமனைக் கண்டு விழிக்கிறது. இரண்டு கவலைகளுக்கும் வேர் ஒன்றுதான்.

இந்தியில் "கோலு மோலு". மராத்தியில் "குப்குபீத்". வங்காளியில் "நாதுஸ் நுதுஸ்". தமிழில் "கொழுகொழு". கன்னம் உப்பி, மணிக்கட்டில் மடிப்பு விழுந்த குழந்தையைக் கொஞ்ச இந்திய மொழிகளில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வட இந்தியாவில் அத்தகைய பிள்ளையைப் பார்த்து "காத்தே பீத்தே கர் கா" என்பார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். மெலிந்த குழந்தைக்கு அப்படிக் கொஞ்சல் கிடைப்பதில்லை. "ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு, சரியா ஊட்டறதில்லையா?" என்ற கேள்விதான் கிடைக்கும். கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே வரும்.

அந்தக் கேள்விக்கு நியாயமான வரலாறு உண்டு. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்த பாட்டிகளுக்குச் சதைப்பிடிப்பு என்பது நோய் வந்தால் தாங்கும் சேமிப்பு. நிலைமை இன்னும் முழுக்க மாறிவிடவும் இல்லை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 19.3 சதவிகிதம் பேருக்கு உயரத்துக்கேற்ற எடை இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இதே வயதில் அதிக எடையுள்ள குழந்தைகள் 2015-16ல் 2.1 சதவிகிதமாக இருந்தார்கள், 2019-21ல் 3.4 சதவிகிதமானார்கள். பார்வைக்குச் சிறிய எண். பள்ளி வயதுக்கு வரும்போது அது மிரட்டுகிறது. 2024ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, 5 முதல் 19 வயது வரையிலான இந்தியர்களில் சுமார் 1.25 கோடிப் பேர் 2022ல் உடற்பருமனுடன் இருந்ததாக மதிப்பிட்டது. 1990ல் இந்த எண்ணிக்கை சுமார் 4 லட்சம்தான். உலக அளவில் பள்ளி வயதினரிடையே எடை குறைந்தவர்களைவிட உடற்பருமன் உள்ளவர்களே இப்போது அதிகம் என்று 2025 செப்டம்பரில் யூனிசெஃப் அறிவித்தது.

ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டு கவலைகளும் குடியிருக்கின்றன. சின்னவன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான். பெரியவள் நொறுக்குத் தீனியை விடமாட்டேன் என்கிறாள். இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பிரச்சினைகள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இந்திய ஆய்வாளர்கள் கண்டறிந்திருப்பது வேறு.

மெலிந்த உடல், மறைந்த கொழுப்பு

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவரது சகாக்களும் 1993ல் புனே அருகே உள்ள கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரிப் பிறப்பு எடை சவுதாம்ப்டனில் 3.5 கிலோ, புனே கிராமங்களில் 2.7 கிலோ. வியப்பு அடுத்ததில் இருந்தது. இந்தியக் குழந்தையிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும்தான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு.

அடுத்த ஆண்டு யாஜ்னிக் தன்னையே உதாரணமாக்கினார். லண்டன் விஞ்ஞானி ஜான் யட்கினும் அவரும் சேர்ந்திருக்கும் படம் 'லான்செட்'டில் வெளியானது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்ற உடல் எடைக் குறியீடு. இருவருக்கும் அது ஒன்றே: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். தராசு இருவரையும் ஒன்றாகவே பார்த்தது.

டில்லியிலிருந்து வந்த சான்று இன்னும் அழுத்தமானது. 1969 முதல் 1972 வரை தெற்கு டில்லியில் பிறந்த குழந்தைகளின் எடையும் உயரமும் தொடர்ந்து குறித்துவைக்கப்பட்டன. அவர்களில் 1,492 பேர் 26 முதல் 32 வயதுக்குள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டார்கள். சந்தோஷ் பார்கவா, எச்.பி.எஸ். சச்தேவ் உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 2004ல் வெளியானது. அந்த இளம் வயதிலேயே 4.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு, மேலும் 10.8 சதவிகிதம் பேர் அதன் வாசலில் நின்றார்கள். இவர்களின் பழைய குறிப்புகள் ஒரே மாதிரிக் கதையைச் சொல்லின. இரண்டு வயது வரை மெலிவு. அதன் பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் வேகமாகவும் ஏறிய எடை. ஆனால் 12 வயதில் இவர்களில் ஒருவர்கூடப் பருமன் என்று சொல்லும் அளவில் இல்லை.

பெற்றோருக்கான பாடம் இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஊட்டம் போதாமல் இருப்பதும் கெடுதல். பிற்பாடு அதை ஈடுகட்டுவதாக நினைத்து எடையை மட்டும் ஏற்றுவதும் கெடுதல். மெலிந்திருந்த பிள்ளை "கொஞ்சம் தேறிவிட்டான்" என்று வீடு மகிழும் அந்த ஆண்டுகளிலேயே பிற்கால நோய்க்கு அஸ்திவாரம் போடப்படலாம்.

கிண்ணத்தோடு ஒரு துரத்தல்

பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்கு எடையை முதல் பிறந்தநாளுக்குள் எட்டும் குழந்தை, அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடும். வேகம் குறைவதால் பசியும் குறையும். இது இயற்கை. ஆனால் தாயும் பாட்டியும் கிண்ணத்தோடு துரத்தத் தொடங்குவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். முன்பு நிலாவைக் காட்டினார்கள். இப்போது செல்போனைக் காட்டுகிறார்கள். திரையில் கண் வைத்து அனிச்சையாக வாய் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை.

கொழுகொழு குழந்தை என்ற கனவை வளர்த்ததில் வியாபாரத்துக்கும் பங்குண்டு. அதைக் கட்டுப்படுத்தவே 1992ல் வந்த சட்டம், பால்பவுடர் டப்பாக்களின் மேல் குழந்தையின் படத்தைப் போடக் கூடாது என்று தடுத்தது. டப்பா வேறு வடிவில் திரும்பி வந்தது. பாலில் கலக்கும் மாவுகள் உயரத்தையும் மூளையையும் வளர்ப்பதாக விளம்பரங்கள் வாக்களித்தன. உணவுச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்ற வகையே கிடையாது என்பதால், அந்தத் தலைப்பில் பானங்களை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதுவரை அவற்றை மருந்துபோல் நம்பி ஊட்டிய வீடுகள் ஏராளம்.

சர்க்கரைக் கணக்கு எளிது. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி போதும். அதில் சேர்க்கப்படும் சர்க்கரை 5 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது. அதாவது ஏறக்குறைய 20 கிராம். 300 மில்லி கோலாவிலேயே சுமார் 30 கிராம் இருக்கிறது. நான்கு முதல் பத்து வயதுக் குழந்தைகள் தினசரி கலோரியில் 13 சதவிகிதத்தைச் சர்க்கரையிலிருந்து பெறுவதாகச் சுட்டிக்காட்டிய சி.பி.எஸ்.இ., 2025 மே மாதம் தனது பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்க உத்தரவிட்டது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகளே படித்துத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லேயே விதி வகுத்துவிட்டது. ஆனால் ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு எல்லை கிடையாது. அது கிராமத்துப் பெட்டிக் கடையிலும் தொங்குகிறது. வேலைக்கு ஓடும் பெற்றோரின் காலை அவசரத்தில் டிபன் டப்பாவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மாலையில் டியூஷன், விளையாட இடமில்லாத அடுக்குமாடி, குளிர்காலத்தில் டில்லியின் புகைமூட்டம். உள்ளே போவது கூடி, செலவாவது குறைந்த கதை இது.

பட்டப்பெயரின் பாரம்

கொஞ்சல் எப்போது கேலியாக மாறியது என்பது குழந்தைக்கு விளங்குவதில்லை. நேற்று வரை "கோலு மோலு" என்று கன்னத்தைக் கிள்ளியவர்களே இன்று "மோட்டூ" என்கிறார்கள். இரண்டாவது பூரியை எடுத்து வைத்த கையே மூன்றாவதைத் தட்டிவிடுகிறது. ஆண் பிள்ளையானால் "வளர்கிற பையன்" என்று இன்னும் சில ஆண்டுகள் தப்பலாம். பெண்ணுக்குப் பதினான்கு வயதிலேயே கல்யாணக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அவள் காலை உணவைத் தவிர்க்கிறாள். யாரும் பார்க்காதபோது தின்கிறாள். ஏற்கனவே ரத்தசோகை மலிந்த நாட்டில் பட்டினி என்பது வைத்தியம் ஆகாது.

கேலியில் குறியாக இருப்பவர்கள் உண்மையான அறிகுறிகளைத் தவறவிடுவதும் உண்டு. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்போல் தடித்துக் கறுத்தால், அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடால் தேய்க்கும் தாய்மார் பலர். அது தேய்த்தால் போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு உடல் காட்டும் அடையாளமாக அது இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

● ஒரு நாள் எடையை வைத்து முடிவு கட்டுவது தவறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரத்தையும் எடையையும் குறித்து, குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லலாம். 5 முதல் 18 வயது வரை இது பொருந்தும். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. எல்லைகள் குழந்தைகளுக்குப் பொருந்தா. கோடு திடீரென மேலே ஏறுகிறதா என்பதே கேள்வி.

● இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். வீட்டு டேப் போதும்.

● வளரும் குழந்தையின் எடையைக் குறைப்பது பெரும்பாலும் தேவைப்படாது. எடை அப்படியே நிற்க, உயரம் கூடினால் தானே சரியாகும். பட்டினி, மாவு, மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

● என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும்; எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீடு, ஊட்டும் சண்டையைப் பெருமளவு தணிக்கும்.

● ஜூஸுக்குப் பதில் பழம். பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த கடலை, சுண்டல், முட்டை, அவல். கோலாவுக்குப் பதில் மோர். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு.

இவற்றில் எதுவும் ஒரு குழந்தையை மட்டும் தனியே உட்கார வைத்துச் செய்யும் காரியம் அல்ல. அப்பாவின் தட்டில் பக்கோடாவும் மகளின் தட்டில் வெள்ளரிக்காயும் இருக்கும் வீட்டில், வெள்ளரிக்காய் தண்டனையாகிவிடும். மாற வேண்டியது அடுக்களையும் கடைச் சீட்டும். அங்கே மாற்றம் வந்தால், இளைத்த சின்னவனுக்கும் பருத்த பெரியவளுக்கும் ஒரே சாப்பாடு போதும்.