ஒரு ஜன்னல், மூன்று அளவு: பே விண்டோ வைக்கிறீங்களா, ஷெட்யூலைத் திறந்து பாருங்க!

தேங்காய்ப்பட்டணத்தில் கடலைப் பார்த்தமாதிரி வீடு கட்டுறீங்க. ஹாலில் ஒரு பே விண்டோ வேணும்னு ஆசை. இன்ஜினீயர் வாட்ஸ்அப்பில் 3டி படம் அனுப்பியாச்சு, குடும்ப குரூப்பில் ஹார்ட்டின் எல்லாம் வந்தாச்சு. அதே பி.டி.எஃப்பின் கடைசிப் பக்கத்தில் 'விண்டோ ஷெட்யூல்'னு ஒரு அட்டவணை இருக்கும். அதை யாரும் பெரிதாக்கிப் பார்க்கிறதில்லை. ஆனா ஃபேப்ரிகேட்டர் கொட்டேஷன் போடுறது 3டி படத்தை வச்சு இல்லை, அந்த அட்டவணையை வச்சுத்தான்.

பே விண்டோ நமக்கொண்ணும் புதுசில்லை. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்க 'அம்பாரி முகப்பு' பார்த்திருப்பீங்க. யானை மேல் வைக்கும் அம்பாரி வடிவத்தில், சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரச் சாளரம். மன்னர் அங்கிருந்து ஊர்வலங்களைப் பார்ப்பாராம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. ஆசாரிகளுக்கு ரெவிட்டும் கிடையாது, ஷெட்யூலும் கிடையாது. செய்றவரே அளந்தார், அளந்தவரே செய்தார். இப்போ வரையறவர் ஒருவர், கண்ணாடி வெட்டுறவர் வேறொருவர். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது அந்த அட்டவணை மட்டும்தான்.

சரி, சிக்கல் எங்கே? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நடுவில் 5 அடி கண்ணாடி. இரண்டு பக்கமும் 2 அடி, 45 டிகிரி சாய்வில். உயரம் 5 அடி. நேரே நின்று பார்த்தால், சாய்ந்திருக்கும் அந்த 2 அடி உங்கள் கண்ணுக்குச் சுமார் 17 அங்குலமாகத்தான் தெரியும். ஆக, சுவரில் விட வேண்டிய திறப்பு சுமார் 7 அடி 10 அங்குலம். கண்ணாடியின் மொத்த ஓட்டமோ 9 அடி. (மூலை போஸ்ட்டின் தடிமனை இதில் சேர்க்கலை.)

ஷெட்யூலில் 'அகலம்' என்ற ஒரே கட்டத்தில் 7 அடி 10 அங்குலம்னு இருந்தா, பரப்பு 39 சதுர அடி சொச்சம். உண்மையில் வேண்டியது 45. ஒரு ஜன்னலுக்கே கிட்டத்தட்ட 6 சதுர அடி உதைக்குது! மேலேயும் கீழேயும் இரண்டு மாடியில் வச்சா 12. சதுர அடிக்கு ரேட் பேசி முடிச்சபிறகு இது தெரியவந்தா, சண்டை யாரோட போடுறது?

இன்னும் மோசம், படத்தை அளந்து 17 அங்குலத்துக்கே கண்ணாடி ஆர்டர் போவது. டஃபண்ட் கிளாஸைப் பதப்படுத்தினபிறகு வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

வரையறவங்க இதை எப்படிச் சரிசெய்யணும்? ஆர்க்கிடெக்சர் படிக்கிறவங்களும், ரெவிட் கத்துக்கிட்டிருக்கிறவங்களும் இங்கே கொஞ்சம் நில்லுங்க.

ரெவிட்டில் பே விண்டோவை ஒரே ஃபேமிலியாக வைத்தால் ஷெட்யூலில் ஒரே வரிதான் வரும். உள்ளே இருக்கும் மூன்று ஜன்னல்களும் தனித்தனி வரியாக வரணும்னா, அந்த உள் ஃபேமிலிகளில் 'ஷேர்டு' என்ற கட்டத்தை டிக் பண்ணணும். டிக் பண்ணினதும் அடுத்த வேடிக்கை ஆரம்பிக்கும். தாய் ஜன்னலும் விண்டோ கேட்டகரிதானே? அதுவும் ஒரு வரியாக நிற்கும். மூன்று கண்ணாடிக்கு நாலு வரி, பரப்பு இரண்டு முறை கூட்டல். அதனால் தாய் ஜன்னலை ஃபில்டர் போட்டு வெளியே நிறுத்துங்க. இல்லைன்னா மொத்தத்தில் சேராதபடி தனி ஷெட்யூலுக்கு அனுப்புங்க.

இன்னொரு வழி, மூன்று சிறு சுவர் எழுப்பி மூன்று சாதாரண ஜன்னல் வைப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும், எண்ணிக்கையில் குழப்பம் வராது. ஒரே குறை, அந்த மூன்றும் ஒரு செட் என்பது அட்டவணையில் தெரியாது. 'பே எண்'னு ஒரு பாராமீட்டர் சேர்த்து அதை வைத்து குரூப் பண்ணிட்டா போதும். 3-அ, 3-ஆ, 3-இ என்று அடுத்தடுத்து நிற்கும்.

இடது பக்க ஜன்னலும் வலது பக்கமும் ஒரே டைப் என்பதால், எண்ணிக்கை 2 என்று ஒரே வரியில் சுருங்கிடும். பிக்ஸட் கண்ணாடின்னா பரவாயில்லை. திறக்கிற கதவுன்னா கீல் எதிரெதிர் பக்கத்தில் வரணும், அதை ரெவிட் தானாகச் சொல்லாது. நீங்கதான் எழுதணும். அந்த இடது-வலது வெளியிலிருந்து பார்த்தா, உள்ளேயிருந்து பார்த்தா என்பதையும் சேர்த்து எழுதுங்க.

பக்கத்தில் வைக்கும் படம்? லெஜண்டில் முழு பே விண்டோவின் முன்தோற்றத்தை வச்சா, பக்கக் கண்ணாடிகள் அதே 17 அங்குலமாகச் சுருங்கித்தான் தெரியும். மூன்று ஜன்னலையும் தனித்தனியாக எடுத்து, மடிச்ச அட்டையை விரிச்சு வச்சமாதிரி வரிசையாக வையுங்க. கீழே பிளான் படம் ஒன்று, கோணத்தோடு. வெறுமனே '45' என்று எழுதினால் சுவர்க்கோட்டிலிருந்து 45-ஆ, இரண்டு கண்ணாடிக்கும் இடையிலான கோணமான்னு பட்டறையில் கேள்வி வரும். உள்கோணம் 135 என்று படத்திலேயே காட்டிட்டா தீர்ந்தது. ஆட்டோகாட்டில் கையால் அட்டவணை போடுறவங்களுக்கும் இதேதான்.

நம்ம ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் கட்டம் வேணும்: 'குறிப்பு'. குழித்துறை தாமிரபரணி கடலில் சேரும் இடம் இது. உப்புக்காற்று இரும்பை விடாது. தென்மேற்குப் பருவமழை கடல் பக்கமிருந்தே சாய்ந்து அடிக்கும், பே விண்டோவில் தண்ணீர் உள்ளே வர முதலில் பார்ப்பது அந்த இரண்டு மூலைகளைத்தான். அதனால் ஸ்க்ரூவும் கீலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூலை போஸ்ட்டில் எங்கெங்கே சீலன்ட், கிரில் உள்ளேயா வெளியேயா, இதெல்லாம் அந்தக் கட்டத்தில் இருக்கணும். கிரில்லும் மூன்று துண்டுதான், மறந்துடாதீங்க.

நீங்க வீட்டு ஓனர், ரெவிட் பக்கமே போனதில்லையா? பி.டி.எஃப்பைத் திறந்து இன்ஜினீயரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த அகலம் சுவர்த் திறப்பா, கண்ணாடி அளவா?" இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் வந்தபிறகு கொட்டேஷன் வாங்குங்க. சுவர் பூசி முடிஞ்சதும் ஃபேப்ரிகேட்டர் டேப்போடு நேரில் வந்து அளந்தபிறகே கண்ணாடி ஆர்டர் போகட்டும்.